ஆலோசனை அறையில் பாலீர்ப்புப் பாகுபாடு: ஆலோசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆலோசனைத் துறைக்குப் புதிதாக வருபவர்களையும் பல வருடங்களாக அதில் இருப்பவர்களையும் மேற்பார்வை செய்வது என் வேலையில் ஒரு பகுதி. தன்பாலீர்ப்போ (தன் பாலினத்தவர்மேலேயே ஈர்ப்பு) இருபாலீர்ப்போ (ஆண், பெண் இருவர்மேலும் ஈர்ப்பு) கொண்டவர்கள் ஆலோசனைக்கு வரும்போது என்ன செய்வது என்று பேச்சு வந்தால், அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் நேரடியாகக் கேட்பார்கள், சிலர் சுற்றி வளைப்பார்கள், சிலர் மற்றவர்கள் கிளம்பிய பிறகு வாசலில் நின்று கேட்பார்கள். அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பாலின அடையாளம் தனிப் பெரிய விஷயம், அதற்குள் இங்கே போகவில்லை. ஒருவருக்கு யார்மேல் காதலும் காமமும் எழுகிறது என்ற பாலீர்ப்பு மட்டும்தான் இந்தப் பக்கத்தின் எல்லை.

எல்லோரையும் ஏற்றுக்கொள்ளத்தானே எங்களுக்குப் பயிற்சியே. எங்களிடமும் பாகுபாடு இருக்குமா?

இருக்கும். தன்பாலீர்ப்பு கொண்டவர்கள்மேல் வரும் அச்சத்தையும் வெறுப்பையும் குறிக்கும் 'ஹோமோஃபோபியா' என்ற சொல் பிறந்த கதையே இந்தத் துறைக்குள் நடந்ததுதான். ஜார்ஜ் வைன்பெர்க் என்ற அமெரிக்க உளசிகிச்சையாளர் 1960களின் நடுவில், தன்பாலீர்ப்பு கொண்ட தன் தோழி ஒருவரின் அருகில் இருக்கச் சக நிபுணர்களே சங்கடப்படுவதைக் கவனித்தார். அந்தச் சங்கடத்தைப் பற்றி யோசிக்கப் போய்த்தான் அவருக்கு அந்தச் சொல் கிடைத்தது. 'படித்தவர்களிடம் இதெல்லாம் கிடையாது' என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைத்தான் நான் ஞாபகப்படுத்துவேன்.

பயிற்சி முதலில் பழக்குவது முகத்தை. அதிர்ச்சியைக் காட்டாமல் இருக்க ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். அந்த அதிர்ச்சி ஏன் வந்தது என்று பார்ப்பதற்கு அதைவிட நீண்ட காலம் பிடிக்கும், பலர் அந்த வேலையைத் தொடங்குவதே இல்லை.

தன்பாலீர்ப்பை நோய் என்றுதானே புத்தகங்கள் சொல்லின? எப்போது மாறியது?

ஒரே நாளில் மாறவில்லை. அந்த இழுபறியைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பழைய பாடப் புத்தகத்தின் வாசனை இன்னும் பல ஆலோசனை அறைகளில் இருக்கிறது.

1950கள்வரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் இருந்தவர்களை வைத்து நடந்தவை. நோயாளிகளை மட்டும் பார்த்துவிட்டு 'இவர்கள் எல்லோரும் நோயாளிகள்' என்று எழுதினார்கள். எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர் இதை மாற்றிப் பார்த்தார். சிகிச்சையில் இல்லாத 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும் 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களையும் வயது, படிப்பு, அறிவுத்திறன் ஆகியவற்றில் ஜோடி சேர்த்து, ரோர்ஷாக் (மைக்கறையில் என்ன தெரிகிறது என்று கேட்பது) போன்ற உளவியல் சோதனைகளைக் கொடுத்தார். யார் யார் என்று சொல்லாமல் அந்தத் தாள்களை நிபுணர்களிடம் காட்டியபோது அவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அது 1957இல் வெளியானது. ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுக்க 1973 டிசம்பர் ஆகிவிட்டது. எடுத்ததை எதிர்த்து உறுப்பினர்கள் வாக்கெடுப்பு கேட்டார்கள். 1974இல் நடந்த அந்த வாக்கெடுப்பில் 58 விழுக்காட்டினர் முடிவை ஆதரித்தார்கள். அதாவது வாக்களித்த பத்து மனநல மருத்துவர்களில் ஏறக்குறைய நான்கு பேர் 'நோய்தான்' என்றே நின்றார்கள்.

எடுத்த பிறகும் முழுசாக எடுக்கவில்லை. தன் பாலீர்ப்பு குறித்து வருந்துகிறவர்களுக்கு என்று வேறொரு பெயரில் ஒரு நோய் 1987வரை அந்தச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது; அங்கேயும் இதே மாதிரி ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பில்தான் அதுவும் போனது. இன்று வேலையில் இருக்கும் மூத்த ஆலோசகர்கள் எந்தக் காலத்தில் படித்தவர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் யாரையும் வெறுப்பதில்லை. அப்புறம் என்னிடம் என்ன பாகுபாடு?

வெறுப்போடு யாரும் இந்த வேலைக்கு வருவது அபூர்வம். நான் மேற்பார்வையில் பார்ப்பது வேறு மாதிரி.

ஒரு பெண் தூக்கமின்மைக்காக வருகிறார். மூன்றாவது சந்திப்பில் தன் துணையும் ஒரு பெண்தான் என்கிறார். அதற்கப்புறம் ஆலோசகர் தூக்கத்தை மறந்துவிடுகிறார். சின்ன வயதில் அப்பாவோடு உறவு எப்படி, எப்போது முதலில் தெரிந்தது, வீட்டில் சொல்லியாகிவிட்டதா என்று கேள்விகள் ஓடுகின்றன. அலுவலகத்தில் இரவுப் பணி மாறியதுதான் அந்தப் பெண்ணின் பிரச்சினை. இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: காதலியைப் பிரிந்த துக்கத்தைச் சொல்ல ஒருவர் வருகிறார், ஆலோசகர் 'தோழி' என்ற சொல்லிலேயே ஐந்து சந்திப்புகளை ஓட்டிவிடுகிறார். முதலாமவர் எதைச் சொன்னாலும் பாலீர்ப்பில் கொண்டுபோய் முடிக்கிறார், இரண்டாமவர் அதன் பக்கமே போகமாட்டார்.

2011இல் ஷெல்டன், டெல்கடோ-ரொமேரோ என்ற இரு ஆய்வாளர்கள், சிகிச்சைக்குப் போய்வந்த 16 பேரிடம் பேசி இந்த மாதிரிச் சின்னச் சின்னக் குத்தல்களை வகைப்படுத்தினார்கள். மேலே சொன்ன இரண்டும் அதில் இருக்கின்றன. கூடவே இன்னொன்றும் இருக்கிறது: 'எனக்கும் இப்படி நிறைய நண்பர்கள் இருக்கிறார்கள்' என்று ஆலோசகர் வலியப் போய் ஒட்டிக்கொள்வது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் உட்கார்ந்திருப்பவர் அதற்கப்புறம் ஆலோசகரைச் சமாதானப்படுத்தும் வேலையில் இறங்கிவிடுகிறார்.

என் பங்குக்கு ஒன்று. பல வருடங்கள் நான் பயன்படுத்திய பதிவுப் படிவத்தில் 'கணவர் / மனைவி பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒருவர் அதைக் காலியாக விட்டார். திருமணம் ஆகாதவர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் ஒன்பது வருடமாக ஒருவரோடு குடும்பம் நடத்துகிறார் என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது 'துணை (இருந்தால்)' என்று இருக்கிறது. ஒரு வரியை மாற்றுகிற வேலைதான், யாரோ ஒருவர் காலியாக விட்ட பிறகே எனக்குத் தோன்றியது.

எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன். அதுதானே நியாயம்?

எல்லோருக்கும் ஒரே மரியாதை என்றால் சரி. எல்லோரையும் எதிர்பாலீர்ப்பு கொண்டவர்களாக நினைத்து நடத்துவது என்றால் பாதிப் படம்தான் தெரியும்.

இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003இல் விரிவாக எழுதிய 'சிறுபான்மை அழுத்தம்' என்ற கருத்து இங்கே உதவும். எல்லோருக்கும் வரும் வேலைச் சுமை, பணக் கவலை, உறவுச் சிக்கல் ஆகியவற்றோடு தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ கொண்டவர்களுக்குக் கூடுதலாக ஒரு மூட்டை இருக்கிறது. நேரில் நடந்த அவமானங்கள், இனிமேல் நடக்கலாம் என்ற எதிர்பார்ப்பு, மறைத்துக்கொண்டே இருப்பதன் களைப்பு, சுற்றியிருப்பவர்கள் சொன்னதைத் தானே நம்பிவிடுவது. இந்தக் கூட்டத்தில் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் பாலீர்ப்பில் இல்லை, இந்த மூட்டையில் இருக்கிறது.

மறைப்பதன் களைப்பு என்று சொன்னேனே, அதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். திங்கட்கிழமை காலை 'வார இறுதியில் என்ன செய்தீர்கள்?' என்று யாராவது கேட்டால் நீங்கள் யோசிக்காமல் பதில் சொல்வீர்கள். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு பெயரை மாற்றி, ஒரு இடத்தை விட்டு, முன்பு சொன்ன பொய்யோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டுச் சொல்கிறார். அந்த மனிதரிடம் 'உங்களுக்கு ஏன் எப்போதும் பதற்றம்?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்?

இது என் நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை. நேர்மையாக வேறொருவரிடம் அனுப்பிவிடுவதுதானே நல்லது?

இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே கடினமான கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் நிஜமாகவே நல்லது செய்ய நினைக்கிறார்கள். 'என்னிடம் வந்து காயப்படுவதைவிட, நன்றாகச் செய்கிற ஒருவரிடம் போகட்டுமே' என்ற வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன்.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று பாருங்கள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரிடம் வாய் திறந்திருக்கிறார். அடுத்த வாரமே 'உங்களுக்கு இன்னொருவர் பொருத்தமாக இருப்பார்' என்று சொல்கிறீர்கள். காரணத்தை நீங்கள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அவருக்குப் புரிந்துவிடும். இரண்டாவது கதவைத் தட்டாமலே போய்விடுகிறவர்கள் உண்டு.

இப்படி வேறொருவரிடம் அனுப்புவதற்கு (ரெஃபரல்) நியாயமான காரணம் திறமைக் குறைவு. உணவுக் கோளாறுக்குப் பயிற்சி இல்லாதவர் அதில் தேர்ந்தவரிடம் அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஆனால் துக்கம், தூக்கமின்மை, தம்பதிச் சண்டை ஆகியவற்றுக்கு நீங்கள் தினமும் ஆலோசனை சொல்கிறவர். அதே துக்கத்தோடு தன்பாலீர்ப்பாளர் வந்ததும் 'எனக்குத் திறமை இல்லை' என்று சொன்னால், அங்கே குறைவது திறமையா என்று உங்களுக்கே தெரியும். நிஜமாகவே இந்த விஷயத்தில் அறிவு போதவில்லை என்றால் படிக்கலாம், மேற்பார்வையாளரிடம் கேட்கலாம். காலத்துக்கும் அனுப்பிக்கொண்டே இருக்க முடியாது.

அமெரிக்க ஆலோசனைச் சங்கம் தன் 2014 நெறிமுறைகளில் இதை வெளிப்படையாக எழுதிவிட்டது: ஆலோசகரின் சொந்த மதிப்பீடுகளையும் நம்பிக்கைகளையும் மட்டுமே காரணமாக வைத்து ஒருவரை வேறிடம் அனுப்பக் கூடாது. அதன் பின்னணியில் சில வழக்குகள் இருந்தன. பயிற்சியின்போது தன்பாலீர்ப்பு கொண்ட ஒருவருக்கு ஆலோசனை தர மறுத்த மாணவியை ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் மாணவிக்குச் சாதகமாக வழக்கைத் திருப்பி அனுப்ப, அது சமரசத்தில் முடிந்தது. கொஞ்சம் முன்னால், 2011இல், ஜார்ஜியாவில் நடந்த கிட்டத்தட்ட இதே மாதிரி வழக்கில் வேறொரு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. சட்டம் இன்னும் அங்கும் இங்கும் ஆடுகிறது. 2016இல் டென்னசி மாநிலம் ஆலோசகர் தன் கொள்கை காரணமாக மறுக்கலாம் என்று சட்டமே போட்டது. வருபவர் உயிர் ஆபத்தில் இருந்தால் மறுக்கக் கூடாது, வேறொருவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. ஆலோசனைச் சங்கம் அடுத்த ஆண்டு அந்த மாநிலத்தின் நாஷ்வில்லில் நடக்கவிருந்த தன் மாநாட்டை சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றிக்கொண்டது.

உங்கள் நம்பிக்கையை விட்டுவிடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மது அருந்தாத ஆலோசகர் குடிநோயாளியோடு உட்காருகிறார், விவாகரத்தைப் பாவம் என்று நினைப்பவர் விவாகரத்து ஆனவரோடு உட்காருகிறார். அங்கெல்லாம் முடிகிற ஒன்று இங்கே மட்டும் ஏன் முடியவில்லை என்ற கேள்வியை மேற்பார்வைக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் வேலை தொடங்குகிறது.

(ஒரு விதிவிலக்கு. எவ்வளவு முயன்றும் ஆலோசகரால் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை, வருபவருக்குத் தீங்கு நடந்துகொண்டிருக்கிறது என்றால், மேற்பார்வையாளரோடு பேசி மாற்றிவிடத்தான் வேண்டும். அதற்கப்புறம் அந்த ஆலோசகர் தன்மேல் வேலை செய்ய வேண்டும், அப்படியே விட்டுவிட முடியாது.)

வருபவரே 'என்னை மாற்றிவிடுங்கள்' என்று கேட்டால்?

மாற்ற முடியாது என்று சொல்ல வேண்டும், ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு ஒன்று 2009இல் அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்தது. பாலீர்ப்பை மாற்றும் முயற்சிகள் பலன் தருகின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, தீங்கு உண்டாகலாம் என்பது அதன் முடிவு. இதில் ராபர்ட் ஸ்பிட்சரின் கதை எனக்கு மறக்காது. 1973இல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முன்நின்றவர்களில் ஒருவர் அவர். அவரே பிறகு 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலருக்கு மாற்றம் சாத்தியம் என்று 2003இல் கட்டுரை வெளியிட்டார். அவர்கள் சொன்னதை அப்படியே நம்பியதுதான் அந்த ஆய்வின் அடித்தளம். 2012இல் தான் எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டு, அதை நம்பி நேரத்தையும் உழைப்பையும் இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

மால்டா 2016இலும் கனடா 2022இலும் இத்தகைய 'சிகிச்சை'யைச் சட்டத்தால் தடுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை செய்ய உத்தரவிட்டது. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. சென்னை வழக்கில் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருப்பதாகச் சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதுவதற்கு முன் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார், அதைப் பதிவும் செய்தார். நீதிபதியே இதைச் செய்திருக்கிறார் என்றால் நமக்கு என்ன கூச்சம்?

சரி, கேட்டவருக்கு என்ன சொல்வது? 'மாற்றிவிடுங்கள்' என்பதற்குள் வேறு ஏதோ இருக்கும். அம்மா பேசுவதில்லை, கல்யாணம் பேசிவிட்டார்கள், கடவுள் கைவிட்டுவிடுவார் என்ற பயம், வேலை போய்விடும் என்ற பயம். 'மாறிவிட்டால் எது சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வருகிற பதிலில்தான் உங்கள் வேலை இருக்கிறது. அவருடைய மத நம்பிக்கையைக் கேலி செய்வதும் பாகுபாடுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து 'சரிசெய்யுங்கள்' என்றால்?

பிள்ளையோடு தனியாகப் பேசுங்கள், அவர் சொன்னதை அனுமதியில்லாமல் பெற்றோரிடம் சொல்லாதீர்கள். ரகசியத்துக்கு எங்கே எல்லை, எந்த ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டியிருக்கும் என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே இரு தரப்புக்கும் தெளிவாக்கிவிடுங்கள். பெற்றோருக்கும் ஆலோசனை தேவைப்படும். அவர்களுடைய அழுகைக்கும் அறையில் இடம் வேண்டும், ஆனால் பிள்ளை கேட்கும் தூரத்தில் வேண்டாம். வீட்டில் அடி, அடைத்து வைத்தல், கட்டாயக் கல்யாணம் என்று எதுவாவது தெரிந்தால் பாதுகாப்புதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

இருபாலீர்ப்பு?

இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவர்கள். 'இன்னும் முடிவு செய்யவில்லை போல' என்று ஒரு ஆலோசகர், 'அப்படியென்றால் ஆணையே கல்யாணம் செய்துகொள்ளலாமே' என்று இன்னொருவர். இரண்டாவது யோசனையைக் கேட்டு எழுந்து போனவர்கள் உண்டு. எழுந்து போனது சரிதான்.

பாலீர்ப்பைப் பற்றி நாமே கேட்க வேண்டுமா?

கதவைத் திறந்து வையுங்கள், உள்ளே இழுக்காதீர்கள். 'உங்கள் வாழ்க்கையில் முக்கியமானவர்கள் யார்?' என்ற கேள்வி போதும். துணையைப் பற்றிப் பேசும்போது அவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதையே நீங்களும் பயன்படுத்துங்கள். தமிழில் 'அவர்' என்ற சொல் ஆண், பெண் இருவருக்கும் பொருந்துகிறது, இந்த வசதி எல்லா மொழிக்கும் கிடைப்பதில்லை. அதை விட்டுவிட்டு 'அவன் என்ன செய்கிறான்?' என்று நாமே முந்திக்கொள்வது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

தவறாகப் பேசிவிட்டேன். இப்போது என்ன?

சுருக்கமாக மன்னிப்புக் கேளுங்கள். 'நான் தவறாக நினைத்துக்கொண்டேன், மன்னியுங்கள்' என்பதே போதும். பத்து நிமிடம் வருத்தப்பட்டால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும், அவர் கட்டிய கட்டணத்தில்.

ஆலோசகரே தன்பாலீர்ப்பு கொண்டவராக இருந்தால்?

இந்தத் துறையின் பாகுபாடு தன் ஆட்களையும் விட்டதில்லை. 1972இல் டாலஸில் நடந்த அமெரிக்க மனநல மருத்துவர் மாநாட்டில் ஜான் ஃப்ரையர் என்ற மருத்துவர் முகமூடியும் விக்கும் போட்டு, குரலை மாற்றும் ஒலிவாங்கியில், 'டாக்டர் ஹெச். அனானிமஸ்' என்ற பெயரில் பேசினார். தான் தன்பாலீர்ப்பாளர், மனநல மருத்துவரும்கூட என்று சொல்ல அவருக்கு அவ்வளவு வேஷம் தேவைப்பட்டது, வேலை போய்விடும் என்ற பயம் அப்படி. அது தான்தான் என்று பொதுவில் சொன்னது 1994இல்.

இன்றும் ஊழியர் அறையில் அடிக்கப்படும் ஜோக்குக்கு எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் டீ குடிக்கும் ஒருவர் இருக்கலாம். அப்புறம், தன்பாலீர்ப்புத் தொடர்பாக வரும் எல்லோரையும் அவரிடமே தள்ளிவிடுவது மரியாதை மாதிரித் தெரியும். அவருக்கு அது பாரம், மற்றவர்களுக்குக் கற்றுக்கொள்ளாமல் தப்பிக்க ஒரு வழி.

ஒருநாள் பயிலரங்கம் வைத்தால் போதுமா?

போதாது. சொற்களைக் கற்றுக்கொடுக்கும், அவ்வளவுதான். நடப்பதை மாற்றுவது தொடர் மேற்பார்வை: பதிவு செய்த உரையாடலைக் கேட்டு, 'இங்கே ஏன் பேச்சை மாற்றினீர்கள்?' என்று ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்பது. எனக்கே அப்படி நிறுத்தப்பட்ட இடங்கள் நினைவிருக்கின்றன, வேர்த்தது.

சக ஆலோசகர் தவறாக நடப்பது தெரிந்தால்?

முதலில் நேரில் பேசுங்கள். 'மாற்றுகிறேன்' என்று காசு வாங்குகிறார், மிரட்டுகிறார், ரகசியத்தை வீட்டில் போட்டுக்கொடுக்கிறார் என்றால் பேச்சோடு விடாமல் அவருடைய நிறுவனத்திடமோ சங்கத்திடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அவர் பெயரைப் போடாதீர்கள்.

நான் ஆலோசகர் அல்ல, ஆலோசனைக்குப் போக நினைப்பவள். நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்: 'தன்பாலீர்ப்பு கொண்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? அதை மாற்ற முடியும் என்று நினைக்கிறீர்களா?' இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் வர வேண்டும். 'அது ஆளைப் பொறுத்தது', 'முதலில் நேரில் வாருங்கள், பார்க்கலாம்' என்று இழுத்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். முதல் கேள்விக்கு 'அதிகம் செய்ததில்லை, ஆனால் மேற்பார்வையில் இருக்கிறேன், கற்றுக்கொள்கிறேன்' என்று பதில் வந்தால் நான் அந்த ஆளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பேன். 'என்னிடம் எல்லோரும் ஒன்றுதான்' என்பவரைவிட அவர் மேல். பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது சந்திப்பிலும் நிறுத்திக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.